புது மீன் என்று சொல்லும் முன்

ஐப்பசி மழை பிடித்துக் குளங்கள் நிரம்பியதும் என் கைப்பேசிக்கு மீன் படங்கள் வரத் தொடங்கிவிடும். சூலூர், சிங்காநல்லூர் என்று எந்த ஊரிலிருந்து வந்தாலும் படத்தில் இருப்பது பெரும்பாலும் ஒரே மீன்தான். உடம்பு முழுக்க எலும்புக் கவசம், தலைக்கு அடியில் வாய், பாய்மரம் போல விரிந்த முதுகுத் துடுப்பு. "சார், இது புது மீன்தானே?" என்ற கேள்வியும் கூடவே வரும். தொட்டியில் பாசி தின்னட்டும் என்று வாங்கி, முழ நீளம் ஆனதும் யாரோ குளத்தில் கொட்டிவிட்ட 'டேங்க் கிளீனர்' அது. பூர்விகம் தென்னமெரிக்கா. குளத்துக்குப் புதிது, அறிவியலுக்குப் பழையது.

எப்போதாவது ஒரு படம் என்னை நிமிர்ந்து உட்கார வைக்கும். ஓடைக் கல்லடியில் அகப்பட்ட விரல் நீள மீனாக இருக்கும்; புள்ளியும் மீசையும் தெரிந்த எந்த இனத்தோடும் ஒத்துவராது. அப்படியொன்று உங்கள் கைக்கு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். விலங்கியல் பட்டம் இருந்தால் நல்லது. இல்லாதவரும் பாதி வேலையைச் செய்யலாம். கேரளத்தில் 2023இல் பெயர் பெற்ற ஹோராகிளானிஸ் பாப்புலை என்ற குருட்டுக் கெளுத்தியின் பெயரே, அதைத் தேடித் தர உதவிய பொதுமக்களைக் குறிப்பதுதான்.

தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது?

மீனைப் பார்ப்பதற்கு முன் தண்ணீரைப் பாருங்கள். நொய்யல், பவானி, அமராவதி மூன்றும் கிழக்கே ஓடிக் காவிரியில் சேர்கின்றன. பொள்ளாச்சிப் பக்கத்து ஆழியாறு மேற்கே திரும்பிப் பாலக்காட்டு வழியாகப் பாரதப்புழையில் கலந்து அரபிக்கடலுக்குப் போகிறது. பக்கத்துப் பக்கத்துத் தாலுகாக்களாக இருந்தாலும் மீன்களுக்கு அவை இரண்டு தேசங்கள். ஆழியாற்றில் பிடித்த மீனைக் காவிரிப் பட்டியலில் தேடிவிட்டு, இல்லை என்றதும் புது இனம் என்று குதித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நம் பகுதியில் இன்னொரு சிக்கலும் உண்டு. பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம் வந்தபிறகு, மேற்கே ஓடிய ஆறுகளின் தண்ணீர் சுரங்கமும் கால்வாயுமாகத் திரும்பி உடுமலை, பல்லடம், காங்கயம் வரை பாசனத்துக்கு வருகிறது. காலிங்கராயன் வாய்க்காலோ பல நூற்றாண்டுகளாகப் பவானித் தண்ணீரை நொய்யல் பக்கம் கொண்டுபோகிறது. தண்ணீர் போகிற இடத்துக்கு மீன் குஞ்சும் போகும். அணைகளில் கட்லா, ரோகு, மிர்கால் விடுகிறார்கள். குஞ்சு வண்டியில் வேறு எதுவும் சேர்ந்து வரலாம். எனவே வாய்க்காலிலும் அணையிலும் கிடைத்த மீனை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். அது எந்த ஓடையிலிருந்து இறங்கி வந்திருக்கும் என்று மேலே ஏறித் தேடுங்கள்.

மேலே ஏறினால் வழிகாட்டி வேண்டும். அதற்குப் பரிசல்காரரையும் வலை வீசுகிறவரையும் விட நல்ல ஆள் கிடையாது. கொடிவேரிக்கு மேலே ஒரு பெரியவரிடம், எனக்கு ஒன்றாகவே தெரிந்த இரண்டு கெண்டைகளைக் காட்டினேன். "இது வேறு சாதி, கண்ணு. இது மணலில் மேயும், அது பாறை இடுக்கை விட்டு வராது" என்றார். பெயரை மட்டும் கேட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள். எங்கே நிற்கும், எந்த மாதத்தில் சினைப்படும், எந்த வலையில் விழும் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் கடைசியில் 'வாழிடம்' என்று ஒரு பத்தி எழுத வேண்டியிருக்கும். பாதி அங்கிருந்துதான் வரும்.

அனுமதிச் சீட்டு

சலிப்பான வேலை, ஆனால் தவிர்க்க முடியாது. நல்ல ஓடைகள் பெரும்பாலும் காட்டுக்குள் இருக்கின்றன. ஆனைமலை, சத்தியமங்கலம், முதுமலை மூன்றும் புலிகள் காப்பகங்கள். அங்கே ஒரு மீனை எடுக்கவும் வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். தனி ஆளாகக் கேட்டால் கிடைப்பது கடினம். கல்லூரியோ ஆய்வு நிறுவனமோ மூலம் விண்ணப்பியுங்கள். அனுமதி எண்ணைக் கட்டுரையில் அச்சிட வேண்டும் என்று நல்ல ஆய்விதழ்கள் கேட்கின்றன. இல்லையென்றால் இரண்டு வருட உழைப்பு வாசலிலேயே நின்றுவிடும்.

இதோடு 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மயச் சட்டத்தையும் தெரிந்துவைத்திருங்கள். புதிய இனத்தைக் கண்டுபிடிக்கும் எவரும் அதை அரசு அறிவித்த களஞ்சியத்துக்குத் தெரிவித்து மாதிரியை ஒப்படைக்க வேண்டும் என்று அதன் 39ஆவது பிரிவு சொல்கிறது. விலங்குகளுக்கு அப்படிப்பட்ட முதன்மையான இடம் 1916இல் தொடங்கிய இந்திய விலங்கியல் ஆய்வகம். தலைமையகம் கொல்கத்தாவில், தென்மண்டல மையம் சென்னையில். மாதிரியை வெளிநாட்டு நண்பருக்குத் தபாலில் அனுப்பும் யோசனை இருந்தால் இப்போதே கைவிட்டுவிடுங்கள்.

பிடிக்கும் நாள்

தை முதல் சித்திரை வரை தண்ணீர் வற்றித் தெளிந்திருக்கும், வேலை எளிது. இனப்பெருக்க நிறம் பார்க்க வேண்டுமென்றால் தென்மேற்குப் பருவமழையின் முதல் வாரங்களில் போக வேண்டும். மேட்டுப்பாளையம் பக்கம் பவானியில் இறங்குகிறவர்கள் பில்லூர் அணையை மறக்கக் கூடாது. அணை திறந்தால் முழங்கால் தண்ணீர் கண் மூடித் திறப்பதற்குள் மார்புக்கு ஏறிவிடும். கரையில் ஒருவர் நின்று ஆற்றை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கட்டும். அந்தி சாய்ந்தபின் ஆற்றோரத்தில் யானைகளின் நேரம்.

கைவலையும் வீச்சுவலையும் போதும். வெடியும் மின்சாரமும் வேண்டாம். எத்தனை மீன் எடுப்பது என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஒன்றே ஒன்றை வைத்து இனம் விவரிக்கலாம், விதி தடுக்கவில்லை. ஆனால் அந்த ஒன்று ஊனமாகப் பிறந்ததா, நோயுற்றதா என்று யார் சொல்வது? சிறிதும் பெரிதும் ஆணும் பெண்ணுமாகப் பத்துப் பன்னிரண்டு இருந்தால் மனம் தெளியும். மிகக் குறைவாக இருக்கும் மீன் என்றால் துடுப்பின் ஓரத்தில் சிறு துண்டு வெட்டிக்கொண்டு மீனை விட்டுவிடுங்கள்.

இனி வரும் வரிசை மாறவே கூடாது.

மீன் உயிரோடு இருக்கும்போதே, ஆற்றுத் தண்ணீர் நிரப்பிய சிறு கண்ணாடித் தொட்டியில் விட்டு இடது பக்கத்தைப் படமெடுங்கள். துடுப்புகள் விரிந்திருக்க வேண்டும். ஓரத்தில் ஓர் அளவுகோல் இருக்கட்டும். மீனை அழுகாமல் காக்கும் ஃபார்மலினில் விழுந்தபின் அது சில நாளில் வெளுத்துவிடும். நீலமும் சிவப்பும் பிறகு படத்தில்தான். படம் முடிந்ததும் தண்ணீரில் கிராம்பு எண்ணெய் கலந்து மயக்கமடையச் செய்து, அமைதியாகச் சாகவிடுங்கள். அடுத்து டிஎன்ஏவுக்காகச் சிறிது சதையோ துடுப்போ வெட்டி 95 சதவீதத்துக்குக் குறையாத எத்தனாலில் போடுங்கள். வெட்டுவது வலது பக்கத்தில். அளவும் எண்ணிக்கையும் படமும் எல்லாம் இடது பக்கத்தில் எடுப்பது உலக வழக்கம். அந்தப் பக்கம் முழுசாக இருக்க வேண்டும். இதை ஃபார்மலினுக்கு முன்பே செய்தாக வேண்டும், ஏனென்றால் ஃபார்மலின் டிஎன்ஏவைக் கெடுத்துவிடும்.

பிறகுதான் ஃபார்மலின். கடையில் கிடைக்கும் கரைசல் ஒரு பங்குக்குத் தண்ணீர் ஒன்பது பங்கு. துடுப்புகளை விரித்து, உடம்பை நேராக வைத்துத் தட்டில் கிடத்துங்கள். வளைந்து இறுகிய மீனை அளக்க முடியாது. பெரிய மீனென்றால் வலது வயிற்றில் ஒரு கீறல் போடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே அழுகும். ஒரு வாரம் கழித்து நன்றாகத் தண்ணீரில் அலசி, 70 சதவீத ஆல்கஹாலுக்கு மாற்றுங்கள். கையுறை கட்டாயம், சன்னல் திறந்திருக்க வேண்டும். ஃபார்மலின் புற்றுநோய் தரும் பொருள்.

சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. பாட்டிலுக்குள் போடும் சீட்டில் இடம், ஆயத்தொலைவு (அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள்), உயரம், தேதி, பிடித்தவர் பெயர் இருக்க வேண்டும். எழுதுவது பென்சிலால். என் முதல் பயணத்தில் பவானிசாகருக்கு மேலே ஐந்து ஓடைகளில் அலைந்து பிடித்த மீன்களுக்கு, அழகான கையெழுத்தில், நீலப் பந்துமுனைப் பேனாவால் சீட்டு எழுதினேன். மூன்றாம் மாதம் பாட்டிலைத் திறந்தால் ஆல்கஹால் இளநீலமாக இருந்தது, சீட்டுகள் வெள்ளையாக இருந்தன. எந்த மீன் எந்த ஓடை என்று சொல்ல வழியில்லாமல் அத்தனையும் வீணானது. செத்த மீன்களிடம் மன்னிப்புக் கேட்பதைத் தவிர செய்ய ஒன்றுமில்லை.

செதில் எண்ணுவது

இங்கேதான் பலர் பொறுமை இழந்து ஓடுகிறார்கள். எனக்கு இந்த வேலையில் மிகப் பிடித்த பகுதி இதுதான்.

வெர்னியர் காலிப்பர் 0.1 மில்லிமீட்டர் வரை காட்ட வேண்டும். முதலில் திட்ட நீளம்: மூக்கு நுனியிலிருந்து வாலெலும்பு முடியும் இடம் வரை. வால் துடுப்பு இதில் சேராது, ஏனென்றால் அது கிழிந்திருக்கலாம். எலும்பு எங்கே முடிகிறது என்று தெரியவில்லையா? வாலை மெதுவாகப் பக்கவாட்டில் மடக்குங்கள். ஒரு மடிப்பு விழும், அதுதான் எல்லை. உடல் உயரம், தலை நீளம், கண் விட்டம், முதுகுத் துடுப்புக்கு முன்னுள்ள தூரம், வால் தண்டின் நீளமும் உயரமும் என்று இருபது முப்பது அளவுகள் வரும். உடம்பின் அளவுகளைத் திட்ட நீளத்தின் சதவீதமாகவும், தலையின் அளவுகளைத் தலை நீளத்தின் சதவீதமாகவும் எழுத வேண்டும். அப்போதுதான் சிறிய மீனையும் பெரிய மீனையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும்.

எண்ணிக்கைக்கு உருப்பெருக்கியும் மெல்லிய ஊசியும் வேண்டும். மீனைக் காகிதத்தால் ஒற்றி எடுத்துச் சில நொடி காற்றாட விடுங்கள். செதில் விளிம்புகள் தானாகத் தெளிந்து நிற்கும். கெண்டையின் உடம்பில் செவுளிலிருந்து வால் பக்கம் ஓடும் பக்கக்கோட்டில் ஒவ்வொரு செதிலிலும் ஒரு சிறு துளை இருக்கும். செவுள் மூடிக்குப் பின்னால் தொடங்கி, துளைக்குத் துளை ஊசி நுனியை வைத்து நகருங்கள். மடிப்பு வரை ஓர் எண். அதைத் தாண்டி வால் துடுப்பின் மேல் கிடக்கும் செதில்கள் தனி எண். முதல் தடவை 24 வரும், அடுத்தது 25, பிறகு மறுபடி 24. கோபப்படாதீர்கள். நாலாவது முறை, முன்பு எண்களை எழுதிய தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு எண்ணுங்கள். முதுகுத் துடுப்பின் கடைசி இரண்டு கதிர்கள் அடியில் ஒரே இடத்திலிருந்து கிளம்பியிருந்தால் அவை ஒன்றாகவே கணக்கு. இது தெரியாமல் ஒன்று கூட்டி எண்ணி 'புது இனம்' ஆக்கியவர்களும் உண்டு.

இன்னொரு பொறி, வயது. ஆழியாற்றில் உடம்பின் குறுக்கே கரும்பட்டைகள் போட்ட கெண்டைக் குஞ்சுகள் கிடைத்தன. எந்த விவரிப்போடும் பொருந்தவில்லை. மனதுக்குள் பெயர்கூட வைத்துவிட்டேன். நல்லவேளையாக நாலைந்தை வீட்டுத் தொட்டியில் உயிரோடு விட்டுவைத்திருந்தேன். எட்டு மாதத்தில் பட்டைகள் ஒவ்வொன்றாக மங்கி, வால் பக்கத்தில் ஒரே ஒரு கரும்பொட்டு மிஞ்சியது. ஆண்களின் முதுகுத் துடுப்பிலிருந்து நூல் நூலாகக் கதிர்கள் நீண்டன. டாக்கின்சியா ஃபிலமென்டோசா! அந்த ஆற்றில் எல்லோருக்கும் தெரிந்த மீன். அதன் குழந்தைப் பருவப் படத்துக்குத்தான் நான் பெயர் வைக்கப் பார்த்திருக்கிறேன்.

செத்துப்போன மருத்துவர்களோடு பேசுவது

மீன்களுக்குப் பெயர் வைக்கும் கணக்கு 1758இல் சுவீடன் இயற்கை அறிஞர் லின்னேயஸிலிருந்து தொடங்குகிறது. முன்னால் வைத்த பெயருக்கே முன்னுரிமை. ஆகவே நீங்கள் ஒப்பிட வேண்டியது இன்று உயிரோடிருக்கும் இனங்களோடு மட்டுமல்ல, இந்தப் பகுதியிலிருந்து இதுவரை வைக்கப்பட்டு மறந்துபோன பெயர்கள் அத்தனையோடும். கலிபோர்னியா அறிவியல் கழகத்தின் எஷ்மேயர் மீன் அட்டவணை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பேரினப் பெயரை, அதாவது அறிவியல் பெயரின் முதல் சொல்லைப் போட்டுத் தேடினால் எல்லாப் பெயரும், எங்கே அச்சானது, பெயருக்கு ஆதாரமான மூல மாதிரி எங்கே இருக்கிறது என்பதும் வந்துவிடும்.

தேடினால் நம் ஆறுகளில் இரண்டு பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். ஒருவர் தாமஸ் ஜெர்டன், மதராஸ் ராணுவ மருத்துவர்; தென்னிந்திய நன்னீர் மீன்கள் பற்றி 1849இல் எழுதியவர். இன்னொருவர் பிரான்சிஸ் டே, அவரும் மதராஸ் ராணுவ மருத்துவர்தான். ஜெர்டன் ஒரு மீனுக்கு நாலைந்து வரிதான் எழுதுவார். அவர் பார்த்த மீன்களில் பெரும்பாலானவற்றின் மாதிரிகள் எங்கும் இல்லை. டேயின் மாதிரிகள் லண்டன், கொல்கத்தா, சிட்னி வரை சிதறிக் கிடக்கின்றன. கோபிக்காரர் ஒருவர் தம் ஊர் மீனைச் சரிபார்க்க ஆஸ்திரேலியாவுக்குக் கடிதம் எழுதுவது விசித்திரம்தான், ஆனால் எழுதுங்கள். அருங்காட்சியகக் காப்பாளர்கள் படமும் எக்ஸ்ரேயும் அனுப்புவார்கள். மாதிரியே இல்லாத ஜெர்டன் இனமென்றால் அவர் சொன்ன அதே இடத்துக்குப் போய்ப் புதிதாக மீன் பிடித்துத்தான் ஒப்பிட வேண்டும். பாறையில் ஒட்டி வாழும் பவானியா ஆஸ்ட்ராலிஸை அவர் வாளையாறுக் காட்டிலிருந்து விவரித்தார். பின்னாளில் 1920இல் மீன் ஆய்வாளர் சுந்தர்லால் ஹோரா, பவானி ஆற்றின் பெயரால் அதற்குப் பேரினப் பெயர் கொடுத்தார். வாளையாறு இன்றும் அங்கேதான் இருக்கிறது. கோவையிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரம்.

இந்த ஒப்பீடு எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்குக் காவிரியின் பெரிய திமில் மீன் சாட்சி. ஆரஞ்சு நிறத் துடுப்புள்ள அந்தத் திமில் முதுகு மஹ்சீரைத் தூண்டில்காரர்கள் 150 ஆண்டுகளாக அறிவார்கள். சரியான அறிவியல் பெயர் மட்டும் இல்லாமல் இருந்தது. அமராவதிக்குத் தண்ணீர் தரும் பாம்பாற்றில் கிடைத்த சிறிய மீன்களை வைத்து டோர் ரெமாதேவியி என்றொரு இனம் ஏற்கெனவே விவரிக்கப்பட்டிருந்தது. மோயாற்றில் பிடித்த திமில் முதுகு மீன்களோடு ஒப்பிட்டு இரண்டும் ஒன்றே என்று 2018இல் காட்டினார்கள். அந்தக் குழுவில் கோவை பாரதியார் பல்கலைக்கழகமும் இருந்தது. புதுப் பெயர் எதுவும் தேவைப்படவில்லை. அதே ஆண்டு அந்த மீன் மிக அருகிய இனங்களின் பட்டியலில் ஏறியது.

டிஎன்ஏ

சுருக்கமாகச் சொல்கிறேன். சிஓஐ என்ற மரபணுவில் சுமார் 650 எழுத்துகளைப் படித்து, ஜென்பேங்க் தரவுத்தளத்தில் ஒப்பிடுவது வழக்கம். கட்டணம் வாங்கிக்கொண்டு படித்துத் தரும் ஆய்வகங்கள் இருக்கின்றன. இரண்டு மூன்று சதவீத வேறுபாடு வந்ததும் புது இனம் என்று அறிவித்துவிடாதீர்கள். ஜென்பேங்கில் தவறாகப் பெயரிட்ட மீன்கள் ஏராளம். அடையாளம் தெரியாதவர் சொன்ன பெயரோடு ஒப்பிட்டு என்ன பயன்? டிஎன்ஏ சொல்வதும் செதிலும் துடுப்பும் சொல்வதும் ஒன்றாக வந்தால் துணிந்து எழுதலாம்.

எழுதுவதும் பெயர் வைப்பதும்

விலங்குப் பெயரிடல் விதித்தொகுப்பின் நான்காம் பதிப்பு 2000 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. அது கேட்பவை அதிகமில்லை. இது புதிய இனம் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். மற்ற இனங்களிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்று எழுத வேண்டும். பெயருக்கு ஆதாரமாக ஒரே ஒரு மீனை ஹோலோடைப்பாகக் குறித்து, அது எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். கூட எடுத்த மற்றவை பாராடைப். இணையத்தில் மட்டும் வெளியாகும் இதழென்றால், விலங்குப் பெயர்களுக்கான இணையப் பதிவேடான ஜூபேங்கில் பதிந்த எண் கட்டுரைக்குள் இருக்க வேண்டும். இதை மறந்தால் பெயர் செல்லாது.

வேறுபாட்டுப் பத்தியில்தான் கட்டுரையின் உயிர் இருக்கிறது. 'அழகான', 'சற்றே நீண்ட' என்றெல்லாம் எழுதாதீர்கள். பக்கக்கோட்டுச் செதில் இதில் இத்தனை, அதில் அத்தனை என்று எண்ணால் பேசுங்கள். ஒரு மீன்பிடிப்பவர் படித்தாலும் அடுத்த முறை வலையில் வந்ததைப் பிரித்துச் சொல்ல முடிய வேண்டும்.

பெயர் ரோமன் எழுத்தில் இருக்க வேண்டும். ஆண் பெயரென்றால் 'இ', பெண்ணென்றால் 'ஏஇ', ஊரென்றால் 'என்சிஸ்' என்று முடிப்பது இலத்தீன் வழக்கு. ரெமாதேவியி பெண் ஆய்வாளரின் பெயர்தான். ஈறு மட்டும் ஆண்பால். அயிரை, உளுவை போன்ற தமிழ்ச் சொல்லை அப்படியே வைக்கவும் இடமுண்டு. எனக்கு அதுதான் பிடிக்கும். சொந்தப் பெயரை வைக்க விதி தடுக்கவில்லை, ஊர்தான் சிரிக்கும். அச்சாகும் வரை பெயரை வெளியே விடாதீர்கள். நாளிதழ்ச் செய்தியிலோ கருத்தரங்கத் தாளிலோ முதலில் வந்துவிட்டால் பிறகு பெரிய குழப்பம்.

எங்கே அனுப்புவது? ஜர்னல் ஆஃப் த்ரெட்டன்டு டாக்ஸா கோவையிலிருந்தே வெளிவருகிறது; நியூசிலாந்தின் ஜூடாக்ஸாவும் இருக்கிறது. பத்து நாளில் வெளியிடுவதாக மின்னஞ்சல் அனுப்பிப் பணம் கேட்கும் இதழ்களின் பக்கமே போகாதீர்கள். அங்கே அச்சான பெயரை விதிப்படி நீக்க முடியாது. பின்னால் வருகிறவர்கள் பல ஆண்டு அந்தக் குப்பையை அள்ள வேண்டியிருக்கும். நல்ல இதழில் நடுவர்கள் கட்டுரையைக் கிழித்துத் தொங்கவிடுவார்கள். 'செதிலை மறுபடி எண்ணவும்' என்று ஒரு நடுவர் எனக்கு எழுதினார். எண்ணினேன், அவர் சொன்னதுதான் சரி.

வண்ண மீன் வியாபாரிகள் விரும்பக்கூடிய நிறமுள்ள மீனென்றால், துல்லியமான ஆயத்தொலைவை அச்சில் போடாமல் அருங்காட்சியகப் பதிவேட்டில் மட்டும் வைக்கும்படி இதழாசிரியரிடம் கேளுங்கள். மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளில் வாழும், சிவப்புக் கோடு போட்ட டெனிசன் கெண்டையைத் தொட்டிக்காக எப்படி வாரி எடுத்தார்கள் என்பது தெரிந்த கதை.

பாராடைப்புகளில் சிலவற்றை வேறொரு அருங்காட்சியகத்துக்கும் பிரித்துக் கொடுங்கள்; ஓரிடத்தில் தீப்பிடித்தாலும் மற்றது மிஞ்சும். மிச்சம் இரண்டு மூன்று உங்கள் கல்லூரி அலமாரியில் இருக்கும். ஆல்கஹால் மூடி வழியாக மெல்ல ஆவியாகும். ஒவ்வொரு தை மாதமும் பாட்டில்களை எடுத்து, மீனின் முதுகுக்கு மேல் ஆல்கஹால் நிற்கிறதா என்று பார்த்து, குறைந்திருந்தால் ஊற்றி வையுங்கள்.